வீட்டுக்குப் பக்கத்து மைதானம்: இங்கிலாந்தில் ஒரு நொன்-லீக் கழகத்தின் ஆதரவாளராவதற்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையிலோ குருநகரிலோ பாசையூரிலோ பிறந்த ஒருவரிடம் "நீங்கள் எந்தக் கழகம்?" என்று யாரும் கேட்பதில்லை. ஊர் எதுவோ அதுதான் கழகம். துரையப்பா விளையாட்டரங்கில் இறுதியாட்டம் என்றால் ஊரே கிளம்பிப் போகும். பந்துக் காப்பாளர் சித்தப்பாவின் மகனாக இருப்பார், நடுக்களத்தில் ஓடுகிறவர் காலையில் மீன் கொண்டுவந்து தந்தவராக இருப்பார்.

அந்த ஊர்களிலிருந்து லண்டனுக்கு வந்த நாங்கள் இங்கே ஆர்சனல், லிவர்பூல், மன்செஸ்ரர் யுனைட்டட் என்று பிரிந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். இருபது வருடம் ஓர் அணிக்காகக் கத்திவிட்டு ஒருநாள்கூட அதன் மைதானத்துக்குள் கால்வைக்காதவர்கள் பலரை எனக்குத் தெரியும். ரிக்கெற் விலையும் காத்திருப்புப் பட்டியலும் அப்படி. அதே நேரம், எங்கள் வீடுகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நூறு வருடப் பழமையுள்ள கழகங்கள் சனிக்கிழமைதோறும் இருநூறு, முந்நூறு பேருக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருக்கின்றன. நானும் எட்டு வருடம் பிஷப்ஸ்போர்ட் வீதியால் பஸ்ஸில் போய்வந்த பிறகுதான் ரூட்டிங் அன்ட் மிட்சம் யுனைட்டட்டின் வாசலில் இறங்கினேன். ஊரில் தொலைத்தது அங்கே கிடைத்தது. அது உங்களுக்கும் கிடைக்க என்ன செய்யலாம் என்று, முதற் சனிக்கிழமையிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

முதலில், நொன்-லீக் என்றால் என்ன?

1888இல் தொடங்கிய 'ஃபுட்போல் லீக்'தான் இந்தப் பெயரிலுள்ள 'லீக்'. இன்று பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள், அதற்குக் கீழே சம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92க்கும் கீழே உள்ளதெல்லாம் நொன்-லீக்.

கீழே உள்ளது என்பதால் அது ஒழுங்கில்லாத உலகம் அல்ல. உச்சியில் நஷனல் லீக். அதைத்தான் 'ஸ்ரெப் 1' என்பார்கள். மேலிருந்து எண்ணினால் அது ஐந்தாவது தட்டு. இந்த இரண்டு கணக்கையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. ஸ்ரெப் 2இல் வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகள். ஸ்ரெப் 3இல் நான்கு. லண்டன் கழகங்கள் பல விளையாடுகிற இஸ்மியன் லீக்கின் மேற்பிரிவு அதில் ஒன்று. அந்த லீக் 1905இல் தொடங்கியது. ஸ்ரெப் 4இல் எட்டு, ஸ்ரெப் 5இல் பதினாறு என்று கீழே போகப்போக மரத்தின் வேர்போல விரியும். எல்லாத் தட்டுகளையும் தரமுயர்வும் தரமிறக்கமும் இணைக்கின்றன. 1986 வரை லீக்குக்குள் நுழைய உள்ளே இருந்த கழகங்களின் வாக்கு வேண்டும். 1987இல் ஸ்காபரோதான் வென்ற இடத்தின் உரிமையோடு முதலில் நுழைந்தது. இன்று உங்கள் தெருக்கோடிக் கழகமும் வென்றுகொண்டே போனால் பிரீமியர் லீக் வரைக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. லூற்றன் ரவுன் 2009இல் லீக்கிலிருந்து விழுந்து, ஐந்து வருடம் நொன்-லீக்கில் கிடந்து, 2023இல் பிரீமியர் லீக்கை எட்டியது.

படி 1: கழகத்தைத் தெரிவுசெய்யுங்கள்

புள்ளிப் பட்டியலைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். வரைபடத்தைத் திறந்து, வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய மைதானம் எது என்று பாருங்கள். மழை நாளில், மனம் சோர்ந்த நாளில், அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற நாளில் உங்களை வெளியே கிளப்புவது அந்தக் கிட்டத் தூரம்தான்.

எங்கள் சனம் அதிகம் வாழும் இடங்களை வைத்தே சொல்கிறேன். சட்டனில் இருப்பவர்களுக்கு கண்டர் கிறீன் லேனில் சட்டன் யுனைட்டட். 2021இல் முதன்முறையாக லீக்குக்குள் போய், 2024இல் மறுபடி நஷனல் லீக்குக்கு வந்த கழகம். அதற்குப் பக்கத்திலேயே கார்ஷல்ரன் அத்லெற்றிக். ஹரோ பக்கம் என்றால் ஹரோ பரோ இருக்கிறது. ரைஸ்லிப்பில் வீல்ட்ஸ்ரன் இருக்கிறது. 1985இல் நொன்-லீக்கின் உச்சப் பட்டத்தையும், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்.ஏ. நொன்-லீக் கழகங்களுக்கு நடத்துகிற எஃப்.ஏ. ரோஃபி கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்ற முதற் கழகம் வீல்ட்ஸ்ரன். ஈஸ்ற் ஹாம், மனர் பார்க் பக்கம் இருப்பவர்கள் ஃபொரஸ்ற் கேற்றுக்குப் போனால் கிளப்ரன் கொம்யூனிற்றி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ரூட்டிங் அம்மன் கோயிலுக்குப் போய்வருகிற தூரத்தில் இருப்பவர்களுக்கு என் கழகம். மைதானத்தின் பெயர் இம்பீரியல் ஃபீல்ட்ஸ். மிட்சம் ட்ராம் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேர்ட். ரூட்டிங் ரவுனும் மிட்சம் வொண்டரர்ஸும் 1932இல் இணைந்து பிறந்த கழகம் இது. வெஸ்ற் ஹாமில் விளையாடி 2023இல் யூரோப்பா கொன்ஃபரன்ஸ் லீக் கிண்ணம் தூக்கிய மிக்கேல் அன்ரனியோ, 2008இல் றெடிங் கழகம் அழைத்துப் போகும்வரை இங்கேதான் ஓடிக்கொண்டிருந்தார்.

ஏற்கெனவே ஒரு பெரிய கழகம் நெஞ்சில் இருந்தால் அதை விடவேண்டியதில்லை. நொன்-லீக்கில் நிற்கிற பாதிப் பேருக்கு இரண்டு கழகம் உண்டு. யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

படி 2: நாளைத் தெரிவுசெய்யுங்கள்

பருவம் ஆகஸ்ட்டில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடியும். வழமையான நேரம் சனிக்கிழமை பின்னேரம் 3 மணி. அந்த நேரம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: சனி 2.45 முதல் 5.15 வரை இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக்கூடாது என்ற ஏற்பாடு 1960களிலிருந்து இருக்கிறது. சிறிய மைதானங்களின் வாசல் வருமானத்தைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அது நீங்கினால் கீழ்த்தட்டுக் கழகங்களில் எத்தனை மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வார நாளில் என்றால் பெரும்பாலும் செவ்வாய் இரவு. முதல் ஆட்டத்துக்கு நான் செவ்வாய் இரவைத்தான் சிபாரிசு செய்வேன். நான்கு மூலையிலும் விளக்கு எரியும், சுற்றிவர இருட்டு, நடுவில் பச்சை மட்டும் மிதக்கும். வேலை முடிந்து களைத்துப் போன கண்ணுக்கு அது திருவிழா. இன்னொரு நல்ல நாள் 'நொன்-லீக் டே'. சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்ந்திருக்கும் ஒரு சனிக்கிழமையில், 2010இலிருந்து நடக்கிறது. புதியவர்களை வரவேற்பதற்கென்றே உள்ள நாள் என்பதால் கழகங்கள் பல சலுகை விலை வைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். மார்கழி, தையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். மைதானம் உறைந்திருந்தாலோ தண்ணீர் தேங்கியிருந்தாலோ அன்று மத்தியானம்தான் மத்தியஸ்தர் வந்து, நடந்து பார்த்து, பந்தைத் தட்டிப் பார்த்து, ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்.

உடுப்பு விஷயம் சுருக்கமானது: கோட்டுக்குள் இன்னொரு சட்டை, தடித்த காலுறை, காதை மூடும் தொப்பி. சீமெந்துத் தரையிலிருந்து ஏறுகிற குளிர் காலைத்தான் முதலில் பிடிக்கும்.

படி 3: வாசலில்

முன்பதிவு பெரும்பாலும் தேவையில்லை. ஸ்ரெப் 5 பக்கம் அனுமதி 10 பவுணுக்கு முன்பின்னாக இருக்கும். நஷனல் லீக்கில் 20 பவுணைத் தொடும். சிறுவர்களுக்குப் பல இடங்களில் இலவசம் அல்லது ஓரிரு பவுண். சுழல்கதவைத் தள்ளி உள்ளே போனதும் ஒரு மேசை இருக்கும். அந்த மேசையில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

அங்கே 'கோல்டன் கோல்' சீட்டு விற்பார்கள். மடித்து ஒட்டிய சின்னச் சீட்டு. பிரித்தால் உள்ளே ஒரு நிமிடம் அச்சிட்டிருக்கும், 37 என்றோ 62 என்றோ. முதற் கோல் அந்த நிமிடத்தில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. பக்கத்தில் ரஃபிள் சீட்டுக் கட்டு: விற்ற காசில் பாதி வென்றவருக்கு, பாதி கழகத்துக்கு. அச்சில் ஆட்ட மலர் போடுகிற கழகமாக இருந்தால் அதையும் வாங்குங்கள். பின்பக்கத்தில் இரண்டு அணிகளின் பெயர்கள் அச்சிட்டிருக்கும், அவை பெரும்பாலும் பழசாகியிருக்கும். அன்றைய சரியான அணி தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் கையால் எழுதியிருக்கும். அதன் முன்னால் மூன்று நான்கு வயதானவர்கள் பேனையோடு நின்று, மலரில் பெயர்களை வெட்டி வெட்டித் திருத்திக்கொண்டிருப்பார்கள். நீங்களும் போய் நின்று திருத்துங்கள். முதல் அறிமுகம் அங்கேதான் நடக்கும்.

படி 4: எங்கே நிற்பது, எதைக் கேட்பது

கதிரை இருக்கும். ஆனாலும் கம்பியடிக்குப் போங்கள். ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி ஓடும். அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றால் எல்லைக்கோடு சில அடி தூரத்தில். பந்து எறிய வருகிற பெடியனின் வாயிலிருந்து கிளம்பும் ஆவி தெரியும். காலில் பூசிய தைலத்தின் வாசம் மூக்குக்கு வரும். தொலைக்காட்சியில் வேகம் தெரியாது. இங்கே இரண்டு பேர் ஒரு பந்துக்கு மோதும்போது அந்தக் கம்பியே உங்கள் கைக்குள் அதிரும்.

எல்லாவற்றையும்விடச் சத்தம். அறுபதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் ஆட்டத்தின் பேச்சு கேட்காது. இங்கே கேட்கும். பந்துக் காப்பாளர் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டேயிருப்பார்: பின்னால் ஆள், இடப்பக்கம் நெருக்கு, வெளியே வா. நடுப்பின் நிற்கிறவர் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனை ஆட்டம் முழுக்கக் கைபிடித்து நடத்துவதுபோல வழிநடத்துவார். ஒரு மாதம் அப்படிக் கேட்டால் உதைபந்தாட்டம் எப்படி ஆடப்படுகிறது என்பது பத்து வருடத் தொலைக்காட்சியைவிட நன்றாக விளங்கும். எனக்கு 'ஒஃப்சைட்' பொறி எப்படி வைக்கிறார்கள் என்பதே கம்பியடியில் நின்று காதால்தான் விளங்கியது.

இடைவேளையில் ஒரு அழகான வழக்கம் உண்டு. ரசிகர்கள் இடம் மாறுவார்கள். தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பதற்காக, இரண்டு பக்கத்துச் சனமும் தேத்தண்ணிக் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி நடக்கும். வழியில் எதிரணி ஆதரவாளர்களைக் கடக்கவேண்டும். "எவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். பிரிக்கும் வேலி பெரும்பாலும் இல்லை, தேவையும் வருவதில்லை.

விளையாடுகிறவர்கள் பகலில் மின்சார வேலை, பாடசாலை, பொதி விநியோகம் என்று போய்விட்டு, வாரத்தில் ஓரிரு இரவு பயிற்சிக்கு வருகிறவர்கள். பிழை விடுவார்கள். நீங்களும் பிழை என்று கத்தலாம். ஆனால் உங்கள் குரல் அவர்களுக்குத் தனியாகக் கேட்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள். நல்லதைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கும். தோற்ற ஆட்டம் ஒன்றின் முடிவில், அன்று நன்றாக ஓடிய பக்கப் பின்வரிசைப் பெடியனைப் பார்த்து நான் கைதட்டினேன். அவன் நின்று, திரும்பி, என்னைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போனான். அந்தப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை.

படி 5: தேத்தண்ணியும் கிளப் ஹவுஸும்

தேத்தண்ணி, சிப்ஸ், பேர்கர், குளிர் நாளில் பொவ்ரில் என்கிற மாட்டிறைச்சிச் சாறு. சைவக்காரர் சிப்ஸோடு சமாளிக்கலாம். அங்கே செலவழிக்கிற ஒவ்வொரு பவுணும் அந்தக் கழகத்தின் மின்சாரக் கட்டணத்துக்குப் போகிறது. ஆகவே வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுபோகாதீர்கள்.

மதுபானம் பற்றி ஒரு சட்ட விஷயம்: 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மேல் ஐந்து தட்டுகளில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் குடிக்கக்கூடாது. நஷனல் லீக்குக்குக் கீழே அந்தத் தடை இல்லை. கோப்பையோடு கம்பியடியில் நிற்கலாம். ஆட்டம் முடிந்ததும் கிளப் ஹவுஸுக்குள் போங்கள். குளித்துவிட்டு வருகிற விளையாட்டுக்காரர்கள் அங்கே சாப்பிடுவார்கள், பேசலாம்.

படி 6: மறுபடியும் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். முதல் ஆட்டம் வெறும் வேடிக்கை. ஐந்தாவது ஆட்டத்திலிருந்துதான் சந்தோஷம் தொடங்கும்.

என் முதற் பருவத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு சனிக்கிழமை போகவில்லை. அடுத்த கிழமை தேத்தண்ணிக் கடையில் வரிசையில் நின்றேன். கடையில் நிற்கிற அம்மா, எழுபது வயதிருக்கும், கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "போன சனி காணவில்லையே, சுகமில்லையா?" என் பெயர் அவருக்குத் தெரியாது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. வந்திருந்த நூற்றைம்பது பேரில் ஒருவர் குறைந்ததை அவர் கவனித்திருக்கிறார். லண்டனில் நான் போகாவிட்டால் யாராவது தேடுகிற இடங்கள் அதுவரை இரண்டு இருந்தன, வீடும் வேலைத்தலமும். அன்று மூன்றாவது சேர்ந்தது.

படி 7: கிண்ணப் போட்டிகளைத் தவறவிடாதீர்கள்

எஃப்.ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டம் மே மாதம் வெம்பிளியில். அதன் முதல் ஆட்டம் ஆகஸ்ட் தொடக்கத்தில், இருநூறு பேர் நிற்கிற மைதானத்தில். 700க்கு மேற்பட்ட கழகங்கள் சேருகிற இந்தப் போட்டியில் சிறியவர்கள் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி நவம்பரில் முதற் சுற்றுக்கு வருவார்கள். பிரீமியர் லீக் அணிகள் மூன்றாம் சுற்றில், தை மாதத்தில்தான் நுழையும்.

அங்கே என்ன நடக்கும் என்பதற்கு என் கழகமே சாட்சி. 1959 தையில் சாண்டி லேன் என்ற பழைய மைதானத்தில், உறைந்த தரையில், முதற்தர அணியான நொற்றிங்காம் ஃபொரஸ்ற்றுக்கு எதிராக ரூட்டிங் 2-0 என்று முன்னின்றது. ஆட்டம் 2-2. மறு ஆட்டத்தில் ஃபொரஸ்ற் 3-0 என்று வென்று, அந்த மே மாதம் கிண்ணத்தையே தூக்கியது. சாண்டி லேனில் இப்போது வீடுகள் நிற்கின்றன. கழகம் 2002இல் இம்பீரியல் ஃபீல்ட்ஸுக்கு வந்துவிட்டது. அந்த 2-2 மட்டும் இன்னும் பேசப்படுகிறது. 2024-25 பருவத்திலிருந்து முதற் சுற்று முதல் மறு ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. பெரிய கழகத்தின் மைதானத்தில் ஒரு மறு ஆட்டம் கிடைத்தால், சிறிய கழகம் அந்த வருமானத்தில் வருடக்கணக்கில் மூச்சுவிட்டது.

1989இல் சட்டன் யுனைட்டட் முதற்தரக் கொவென்றியை 2-1 என்று வீழ்த்தியது. 2017இல் லிங்கன் சிற்றி நொன்-லீக் கழகமாகக் காலிறுதிவரை போனது. 2021இல் லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள க்றொஸ்பியின் மரீன், எட்டாவது தட்டிலிருந்து, ரொட்டன்ஹாமை எதிர்கொண்டது. பெருந்தொற்றுக் காலம், ஒருவரும் உள்ளே போகமுடியாது. உள்ளே வராமலே தலைக்கு 10 பவுண் கொடுத்து 30,000க்கு மேற்பட்ட சனம் ரிக்கெற் வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தார்கள். மரீன் 5-0 என்று தோற்றது.

எஃப்.ஏ. ரோஃபி ஸ்ரெப் 1 முதல் 4 வரைக்கும், எஃப்.ஏ. வாஸ் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும். இரண்டின் இறுதியாட்டமும் 2016இலிருந்து ஒரே நாளில் வெம்பிளியில். ஒரு கிராமம் முழுக்க பஸ் பிடித்து வந்திருப்பதைப் பார்க்க, உங்கள் கழகம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போங்கள்.

படி 8: வெளியூர் ஆட்டம்

வருடத்துக்கு இரண்டு மூன்று போதும். கழகம் பஸ் ஒழுங்குசெய்தால் அதில் ஏறுங்கள், இல்லாவிட்டால் யாராவது காரில் இடம் தருவார்கள். கேட்கத் தயங்கவேண்டாம். எதிரூர் மைதானத்தில் உங்கள் பக்கம் இருபது பேர் நிற்கும்போது நீங்கள் இருபதில் ஒருவர். அங்கே ஒரு கோல் விழுந்தால் அடித்தவன் நேராக உங்களை நோக்கித்தான் ஓடிவருவான்.

படி 9: ஒரு கை கொடுங்கள்

இந்தக் கழகங்கள் சம்பளமில்லாத கைகளால் நிற்பவை. வாசலில் காசு வாங்குகிறவர், கோடு போடுகிறவர், உடுப்புத் தோய்க்கிறவர் எல்லாரும் தொண்டர்கள். பருவம் தொடங்குமுன் கம்பிக்குப் பெயின்ற் அடிக்க ஆள் தேடுவார்கள். இரண்டு மணித்தியாலம் போய் அடியுங்கள். கணக்குத் தெரிந்தவர், இணையத்தளம் கட்டத் தெரிந்தவர், படம் எடுக்கத் தெரிந்தவர் எங்களில் எத்தனை பேர்! கோயில் நிருவாகத்தில் பழகிய திறமை அத்தனையும் இங்கே தேவைப்படுகிறது.

காசு விஷயத்தில் இவை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். லண்டனில் ஒரு மைதானத்தின் நிலம், அதில் ஆடுகிற கழகத்தைவிடப் பல மடங்கு பெறுமதியானது. ஈஸ்ற் டலிச்சில் 1893இலிருந்து இருக்கும் டலிச் ஹம்லெற், நிலச் சொந்தக்காரருடனான தகராறில் 2018 மார்ச்சில் சம்பியன் ஹில் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. எங்கள் இம்பீரியல் ஃபீல்ட்ஸில்தான் வந்து ஆடினார்கள். சொந்த மைதானமில்லாத அந்த வசந்தத்திலேயே தரமுயர்ந்து, டிசம்பரில் வீடு திரும்பினார்கள். ஆதரவாளர்கள் ஊரைத் திரட்டாமல் அது நடந்திருக்காது.

2002இல் விம்பிள்டன் கழகத்தை மில்ரன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ஆதரவாளர்கள் சில வாரங்களிலேயே விம்பிள்டன் கொமனில் ஆள்தேர்வு வைத்துப் புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒன்பதாவது தட்டில் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2011இல் லீக்குக்குள் நுழைந்து, 2020இல் ப்ளவ் லேனுக்குத் திரும்பியது. ஃபொரஸ்ற் கேற்றில் ஆதரவாளர்கள் 2018இல் தொடங்கிய கிளப்ரன் கொம்யூனிற்றி, இரண்டே வருடத்தில் ஓல்ட் ஸ்பொற்றட் டோக் மைதானத்தைச் சொந்தமாகவே வாங்கிவிட்டது. உங்கள் கழகத்தில் அங்கத்துவம் இருந்தால் எடுங்கள். பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். வாக்களியுங்கள்.

நம்மவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? போகலாம். கெட்ட வார்த்தை காதில் விழும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பிள்ளை ஓடித்திரிய இடமுண்டு. பந்து வேலிக்கு மேலால் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம். விளையாட்டுக்காரர் கைகொடுப்பார்கள். பல கழகங்களில் பெண்கள் அணியும் உண்டு. மகளோடு போகிறவர்கள் அந்த ஆட்டநாளையும் குறித்துவையுங்கள்.

எங்களை எப்படிப் பார்ப்பார்கள்? முதல் இரண்டு வாரம் புதியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு ரஃபிள் சீட்டு விற்கக் கூப்பிட்டார்கள். இனவெறிப் பேச்சு எங்காவது கேட்டால் உடனே கழக அதிகாரியிடம் சொல்லுங்கள். 1993இலிருந்து இதற்கென்றே இயங்கும் 'கிக் இற் அவுட்' அமைப்பிடமும் முறையிடலாம். இந்த மைதானங்களில் எங்கள் காலடியும் ஏற்கெனவே பதிந்திருக்கிறது: உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவில் சேராத அணிகளுக்காக 2018இல் லண்டனில் நடந்த கொனிஃபா உலகக் கிண்ணம் முழுக்க நொன்-லீக் மைதானங்களில்தான் நடந்தது. பதினாறு அணிகளில் தமிழீழ அணியும் ஒன்று.

எப்போது தொடங்குவது?

பருவத்தின் நடுவில் இருந்தால் வருகிற சனிக்கிழமை. கோடை என்றால் ஜூலையில் நட்பு ஆட்டங்கள் நடக்கும். லீக் கழகங்கள்கூடத் தங்கள் அணியைச் சிறிய மைதானங்களுக்கு அனுப்புவது அப்போதுதான். வெயிலில் புல்லின் மேல் உட்கார்ந்து பார்க்கலாம். பருவச் சீட்டும் அந்த மாதத்தில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு நட்பு ஆட்டம் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆகஸ்ட்டில் எஃப்.ஏ. கிண்ணத்தின் தொடக்கச் சுற்றுகளுக்குக் கம்பியடியில் உங்களுக்கென்று ஓர் இடம் பழகியிருக்கும்.